எதன் பருமன்?

நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி. ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடத்தைத் தொடும்போதே மாணவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாகியிருக்கும். அந்த வயதில் வகுத்தல் தெரியாதவர்களும் குறைவு. அப்படியும் வீட்டுப்பாடத்தில் அடர்த்திக் கணக்குகள்தான் அதிகம் தப்புகின்றன. தப்பு நடக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே: கணக்கில் கொடுத்திருக்கும் பருமன் எதனுடையது என்று கேட்காமல் வகுத்துவிடுகிறார்கள். அது பாத்திரத்தின் பருமனா, பாத்திரத்தில் உள்ள பொருளின் பருமனா, பொருளுக்கு நடுவே புகுந்த காற்றையும் சேர்த்த பருமனா? இதை ஒருமுறை நின்று கேட்டுவிட்டால் மீதி வேலையைச் சின்னப் பிள்ளையும் செய்துவிடும்.

இந்தக் கேள்வியைப் பழகத் தஞ்சாவூரைவிடத் தோதான ஊர் கிடையாது என்பது என் எண்ணம். பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். நெல்லை அளந்த மரக்காலுக்கும் ‘ஆடவல்லான்’ என்றே பெயர். இறைவன் பெயரில் ஓர் எடைக்கல், அதே பெயரில் ஒரு முகத்தல் அளவை. ராஜராஜன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், 1010இல், விமானத்தின் உச்சிக்குக் கொடுத்த செப்புக்குடம் 3,083 பலம் என்றும், அதன்மேல் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு என்றும் அரைக் கழஞ்சைக்கூட விடாமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கோயிலில் வேலை செய்தவர்களுக்கான நெல்லோ கலக்கணக்கில் பேசப்படுகிறது. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். குறுணிதான் மரக்கால்.

பொன்னை ஏன் நிறுத்தார்கள், நெல்லை ஏன் அளந்தார்கள்? நகைக்கு ஒழுங்கான வடிவம் இல்லை, அதன் பருமனைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. தராசில் வைத்தால் சட்டென்று விடை கிடைக்கும். களத்தில் குவிந்து கிடக்கும் நெல்லுக்கு நேர்மாறான சிக்கல். ஒரு போகத்து நெல்லைத் தூக்கி நிறுக்கும் தராசை எந்தக் களத்தில் கொண்டுபோய் நடுவது? ஒரு மரக்காலும் இரண்டு கையும் இருந்தால் பொலியை அளந்து முடித்துவிடலாம். அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்கி, ‘ரெண்டு, மூணு’ என்று பாடிக்கொண்டே போவார். வேகமான முறை. ஆனால் நிறையை விட்டுவிட்டுப் பருமனை மட்டும் பிடித்துக்கொண்டால் என்னென்ன கைநழுவும் என்பதற்கும் இதே மரக்கால்தான் சாட்சி.

ஒரு லிட்டர் பாத்திரத்தில் நெல்லைக் கொட்டித் தலைதட்டி நிறுத்தால் 550 முதல் 600 கிராம் வரை இருக்கும். 575 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாணவர் எழுதுகிறார்: நெல்லின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.575 கிராம், நீரின் அடர்த்தி 1, ஆகவே நெல் நீரில் மிதக்கும். வகுத்தலில் பிழை இல்லை. அலகும் சரி. ஆனால் விதை ஊறப்போட்ட எந்த விவசாயியைக் கேட்டாலும், நல்ல நெல் அடியில் போய்த் தங்கும் என்பார்.

பிழை பருமனில் இருக்கிறது. அந்த ஒரு லிட்டர் நெல்லினுடையது அல்ல, நெற்குவியலினுடையது. மணிக்கும் மணிக்கும் நடுவே காற்று இருக்கிறது. பாத்திரத்தில் ஏறத்தாழ பாதி அதுதான். உமியோடு கூடிய ஒரு முற்றிய நெல்மணியைத் தனியே எடுத்தால் அதன் அடர்த்தி 1.15ஐ ஒட்டி வரும். 575 கிராமை 1.15ஆல் வகுத்தால் 500 கன சென்டிமீட்டர். மற்ற 500 வெறும் இடைவெளி. தண்ணீரில் கொட்டியதும் அந்த இடைவெளியில் நீர் புகுந்துவிடுகிறது. அதற்குப் பின் நீரோடு மோதுவது குவியலின் அடர்த்தி அல்ல, ஒவ்வொரு மணியின் அடர்த்தி. 0.575, 1.15 இரண்டுமே உண்மையான எண்கள்தாம். குதிரில் எவ்வளவு நெல் கொள்ளும் என்று கேட்டால் முதல் எண், நெல் மூழ்குமா என்று கேட்டால் இரண்டாவது எண்.

இதைச் சமையலறையிலேயே சோதிக்கலாம். ஒரு லிட்டர் டப்பாவில் தலைதட்டி அரிசி எடுங்கள்; சுமார் 800 கிராம் இருக்கும். அரிசிமணியின் அடர்த்தி 1.45. ஆகவே அரிசி அடைத்திருக்கும் இடம் ஏறத்தாழ 550 மில்லி. மீதி 450 மில்லி காலி. இப்போது டப்பா விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், அரிசி ஊறுவதற்குள் வேகமாக. நிரம்பி நின்ற டப்பா அரை லிட்டரை ஒட்டித் தண்ணீர் குடிக்கும். கண்ணுக்கு நிறைந்ததாகத் தெரிந்த பாத்திரம் அது!

குவியலின் பருமன் நம் கையின் போக்குக்கு ஏற்ப மாறும் என்பது அடுத்த சிக்கல். மெல்லக் கொட்டினால் மணிகள் தளர்வாக அடுக்கும். மரக்காலைத் தரையில் தட்டித் தட்டி நிரப்பினால் மட்டம் இறங்கும், அதே மரக்கால் கூடுதலாக வாங்கிக்கொள்ளும். அதன்மேல் தலைதட்டி அளப்பதா, கோபுரம் வைத்து அளப்பதா என்ற கேள்வி. கோபுரத்தின் உயரத்தை அளப்பவர் தீர்மானிப்பதில்லை, நெல் தீர்மானிக்கிறது. கொட்டக் கொட்டச் சரிவு ஒரு கோணத்தை எட்டியதும் மேலே விழும் நெல் வழிந்து ஓடிவிடும். நெல்லுக்கு அந்தக் கோணம் 35 பாகையை ஒட்டியது.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம். 20 செ.மீ. விட்டமும் 18 செ.மீ. உயரமும் உள்ள உருளை மரக்கால் ஒன்று. 24 செ.மீ. விட்டமும் 12.5 செ.மீ. உயரமும் உள்ள இன்னொன்று. தலைதட்டினால் இரண்டும் ஒன்றே: 5,655 கன செ.மீ., அதாவது ஐந்தரை லிட்டருக்குச் சற்று மேல். இப்போது கோபுரம் வைப்போம். முதல் மரக்காலின் மேல் நிற்கும் கூம்பின் உயரம் 7 செ.மீ., பருமன் 733 கன செ.மீ. இரண்டாவதன் மேல் நிற்கும் கூம்பின் உயரம் 8.4 செ.மீ., பருமன் 1,267 கன செ.மீ. முதலாவதில் கூடுதல் 13 விழுக்காடு. இரண்டாவதில் 22 விழுக்காடு. கூம்பு அகலமாகும்போது உயரமும் சேர்ந்து வளர்கிறது. ஆகவே வாயின் ஆரம் சிறிது கூடினாலும் கூம்பின் பருமன் அதன் முப்படியாகக் கூடுகிறது. ஒரு மரக்காலுக்கு 534 கன செ.மீ. வித்தியாசம், நெல்லில் 300 கிராம். ஒரு கலம் அளந்து முடிப்பதற்குள் மூன்றரைக் கிலோவுக்கு மேல்.

பார்வைக்கு இரண்டும் ‘ஒரு மரக்கால்’. வாய் அகன்றதில் குத்தகை நெல்லை வாங்கி, வாய் குறுகியதில் கூலி நெல்லைக் கொடுத்தால், வருடம் முழுக்கச் சேற்றில் நின்றவருக்கு எவ்வளவு போயிற்று என்று சொல்ல அவரிடம் தராசு இல்லை. கீழத் தஞ்சையில் 1940களில் எழுந்த விவசாயத் தொழிலாளர் இயக்கம், அரசு முத்திரை குத்திய மரக்காலில்தான் அளக்க வேண்டும் என்று கேட்டது இதனால்தான். சாட்டையடியையும் சாணிப்பாலையும் நிறுத்து என்ற கோரிக்கைகளோடு சேர்த்துப் பேசப்பட்ட கோரிக்கை அது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன் மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருந்த தகராறின் நடுவில் இருந்தது அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் உயர்வு. இயற்பியல் நூலில் இதற்கென்ன இடம் என்று யாராவது கேட்டால், பருமனைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. படியும் மரக்காலும் இந்த மண்ணில் வெறும் பாடப்பொருளாக ஒருநாளும் இருந்ததில்லை.

எடை அளவைகளைத் தரப்படுத்தும் சட்டம் 1956இல் வந்தது; 1960களில் கிலோ நடைமுறையானது. மரக்காலின் இடத்துக்குத் தராசு வந்ததும் தட்டுவதும் கோபுரம் வைப்பதும் அர்த்தமிழந்தன. இன்று தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ கொண்ட சிப்பமாகத்தான் கணக்கு. 40 கிலோவை 0.575ஆல் வகுத்தால் ஏறத்தாழ 70 லிட்டர். சாக்கு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் அந்த எண் போதும், விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆனால் நிறைக்கும் தன் பங்குக்கு ஒரு சிக்கல் உண்டு: நெல்லில் இருக்கும் ஈரமும் எடை காட்டும். அதனால் 17 விழுக்காடு ஈரப்பதம் என்று ஒரு வரம்பு. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் முட்டிக்கொள்ளும் ஐப்பசியில் இந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி டெல்டா விவசாயிகள் கேட்காத ஆண்டு அபூர்வம். 22 விழுக்காடு ஈரமுள்ள 40 கிலோ நெல்லை 17 விழுக்காட்டுக்குக் காயவைத்தால் எவ்வளவு மிஞ்சும்? ஐந்து விழுக்காடு குறைந்தது, ஆகவே இரண்டு கிலோ போய் 38 கிலோ என்று விடை வரும். அது பிழை. காயும்போது மாறாதது உலர்பொருள் மட்டுமே: 40 கிலோவில் 78 விழுக்காடு, 31.2 கிலோ. காய்ந்தபின் மொத்தத்தில் 83 விழுக்காடாக நிற்பதும் அதே 31.2 கிலோ. 31.2ஐ 0.83ஆல் வகுத்தால் 37.6. போனது 2.4 கிலோ. ‘எதன் பருமன்’ என்று கேட்கப் பழகியவர்கள் இங்கே ‘எதன் விழுக்காடு’ என்று கேட்பார்கள். கேள்வி ஒன்றே.

தஞ்சையிலிருந்து கும்பகோணம் போகும் வழியில், காவிரிக் கரையில் சுவாமிமலை. அங்கே சிற்பிகள் கேள்வியைத் தலைகீழாகப் போடுகிறார்கள். மரக்கால் கணக்கில் பருமன் எதனுடையது என்று தெரியாமல் திண்டாடினோம். வார்ப்புக் கூடத்தில் பருமனை யாரும் அளப்பதே இல்லை, ஆனாலும் கணக்கு பிசகுவதில்லை. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கடலை எண்ணெயில் உருக்கிச் சேர்த்து முதலில் மெழுகில் சிலை செய்கிறார்கள். தென்னை ஓலையை நீளமாகக் கிழித்து, தாளக்கணக்குப்படி மடித்து, அந்த மடிப்புகளை வைத்து முகமும் மார்பும் இடையும் காலும் ஒன்றுக்கொன்று என்ன விகிதம் என்று பார்த்துக்கொள்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, உலர்த்தி, மேலும் மண் பூசிச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்ற வேண்டும். எவ்வளவு உலோகம் உருக்குவது? குறைந்தால் கைவிரலோ திருவாசியோ நிரம்பாமல் போய் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும்.

சிற்பி மெழுகுச் சிலையை எடை போடுகிறார். எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் எடுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான். மெழுகுக்கும் உலோகத்துக்கும் இங்கே பருமன் ஒன்றே, ஏனென்றால் மெழுகு இருந்த இடத்துக்குத்தான் உலோகம் வருகிறது. பருமன் சமமென்றால் நிறைகளின் விகிதம் அடர்த்திகளின் விகிதமாகிவிடும். குங்கிலியம் கலந்த மெழுகின் அடர்த்தி 1ஐ ஒட்டியது. செம்பு மிகுந்த வெண்கலத்தின் அடர்த்தி 8.7 அளவில். 2.4 கிலோ மெழுகுச் சிலைக்கு 2.4 லிட்டர் இடம். அதை நிரப்ப 21 கிலோ உலோகம் வேண்டும். வார்ப்பு வழியில் தங்குவதற்கும் உருக்கும்போது கழிவதற்கும் சேர்த்தால் 24 கிலோ, பத்து மடங்கு. சிலையின் மூக்கு, விரல், சடை எதையும் தனித்தனியே அளந்து பருமன் காணத் தேவையில்லை. கிரீடத்துக்காக ஆர்க்கிமிடீஸ் நீரை நாடினார். இவர்கள் மெழுகை நாடினார்கள். சுவாமிமலைச் சிலைகள் உள்ளே பொள்ளல் இல்லாத கனவார்ப்பு என்பதால்தான் இந்தக் கணக்கு நேராக வருகிறது. உள்ளே மண்கரு வைத்து வார்க்கும் சிலையானால் ‘எதன் பருமன்’ என்ற கேள்வி மறுபடி வந்து நின்றுவிடும்.

இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு விதை நெல்லைப் பற்றியது. விதைக்கு முன் உப்புக் கரைசலில் நெல்லைத் தேர்வு செய்யும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குப் பரிந்துரைக்கிறது. 15 லிட்டர் வாளியில் 10 லிட்டர் தண்ணீர். அதில் புதிய கோழிமுட்டை ஒன்றைப் போட வேண்டும். அடியில் போய்ப் படுத்துவிடும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் முட்டை எழும்பும். நீருக்கு மேலே இருபத்தைந்து காசு அளவுக்கு ஓடு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். சுமார் ஒன்றரைக் கிலோ உப்பு பிடிக்கும். பிறகு 10 கிலோ விதையைக் கொட்டினால் மிதப்பது கழிவு, மூழ்குவது விதை. அந்தக் காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாததாகிவிட்டது. நாலணா எவ்வளவு பெரிது என்று இனிப் பிள்ளைகளுக்கு நாம்தான் காட்ட வேண்டும். குறுக்கே 19 மில்லிமீட்டர்.

இந்தக் கரைசலின் அடர்த்தி என்ன? வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் நாலு மாணவர் நாலு விடை கொண்டுவருவார்கள். நிறையில் சண்டையில்லை: 10 கிலோ நீர், 1.5 கிலோ உப்பு, ஆக 11.5 கிலோ. பருமனில்தான் எல்லாம். முதல் மாணவர், உப்பு கரைந்து காணாமல் போய்விட்டது, பருமன் 10 லிட்டரே என்கிறார், அடர்த்தி 1.15. இரண்டாமவர் உப்பைப் படியால் அளந்து பார்க்கிறார், குவியலாக ஒன்றேகால் லிட்டர் வருகிறது, 11.25 லிட்டர் என்று வைத்து 1.02 என்கிறார். மூன்றாமவர் நெற்குவியல் பாடத்தை மறக்காதவர். உப்புப் பரல்களுக்கு நடுவே காற்று இருக்குமே, பரலின் அடர்த்தி 2.16 அல்லவா, அதன் பருமன் 0.69 லிட்டர்தான் என்று கணக்கிட்டு, 10.69 லிட்டரால் வகுத்து 1.076 என்கிறார். அழகான விடை. அதுவும் பிழை.

நாலாவது மாணவி பருமனை ஊகிக்கவில்லை, கரைத்தபின் அளந்தார். பத்தரை லிட்டர் இருந்தது. உப்பு கரையும்போது சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் பிரிந்து, ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் நெருக்கமாகச் சூழ்கின்றன. அயனிகளின் மின்னூட்டம் அக்கம்பக்கத்து நீரை இழுத்து இறுக்கிவிடுவதால், பரலாக 0.69 லிட்டர் இடம் பிடித்த உப்பு கரைசலில் அரை லிட்டர்தான் கூட்டுகிறது. நிறைகள் கூடும், பருமன்கள் கூடியே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 11.5ஐ 10.5ஆல் வகுத்தால் 1.095. ஒன்றரைக் கிலோ உப்பு ஒன்றே. குவியலாக ஒன்றேகால் லிட்டர், பரலாக முக்கால் லிட்டருக்கும் குறைவு, கரைசலில் அரை லிட்டர்.

நாலு விடைகளில் எது சரி என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, முட்டை சொல்லிவிடும். 55 கிராம் எடையுள்ள புதிய முட்டையின் பருமன் சுமார் 50.7 கன செ.மீ.; அடர்த்தி 1.085. கரைசல் 1.02 ஆகவோ 1.076 ஆகவோ இருந்தால் முட்டை மூழ்கிக் கிடந்திருக்கும். 1.15 என்றால் முட்டையின் பருமனில் பதினெட்டில் ஒரு பங்கு வெளியே துருத்தி நிற்கும். நாலணா அளவோடு நிற்காது. 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள தொப்பி வெளியே தெரிகிறதென்றால் அதன் பருமன் எவ்வளவு? முட்டையை அதே பருமனுள்ள கோளமாகக் கொண்டால் தொப்பியின் உயரம் 2 மில்லிமீட்டர்தான், பருமன் 0.3 கன செ.மீ. மூழ்கியிருப்பது 50.4. மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான திரவத்தை விலக்கும் என்பதால் 55ஐ 50.4ஆல் வகுக்க வேண்டும்: 1.091. வாளியிலிருந்து போட்ட கணக்கும் முட்டையிலிருந்து போட்ட கணக்கும் இரண்டு வேறு வழிகள், இரண்டும் 1.09இல் வந்து சேர்கின்றன. தொடர்பில்லாத இரண்டு அளவீடுகள் ஒரே எண்ணைத் தரும்போது வருகிற மகிழ்ச்சிக்காகவே ஒருவர் இயற்பியல் படிக்கலாம்.

உப்பை நிறுத்துப் போட்டால் போதாதா, முட்டை எதற்கு? கடையில் வாங்கும் கல்லுப்பில் ஈரம் இருக்கும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. வேதாரண்யத்து உப்பளத்திலிருந்து வந்த மூட்டையில் ஒன்றரைக் கிலோ நிறுத்தால் அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று விவசாயிக்குத் தெரியாது. முட்டைக்கு அந்தக் கவலை இல்லை. கரைசலின் அடர்த்தியை அது நேராகக் காட்டுகிறது. முட்டை புதியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் காரணம் உண்டு. ஓட்டின் நுண்துளைகள் வழியாக முட்டை நாளுக்கு நாள் நீராவியை இழக்கிறது. உள்ளே காற்றறை பெருக்கிறது. ஓடு சுருங்காது, பருமன் அப்படியே. 55 கிராம் 52 ஆகிவிட்டால் அடர்த்தி 1.026, கடல்நீரின் அடர்த்தியை ஒட்டி வந்துவிட்டது. அந்த முட்டை கொஞ்சம் உப்புக்கே எழும்பி நின்று, கரைசல் தயார் என்று பொய் சொல்லும்.

இனி நெல்லுக்கு வருவோம். பூ மலர்வதற்கு முன்பே உமியின் அளவு முடிவாகிவிடுகிறது. பிறகு பால்பிடித்து, மாவுச்சத்து சேர்ந்து, அரிசி வளர்ந்து உமியை நிரப்புகிறது. ஆகவே முற்றியதற்கும் அரைகுறைக்கும் வெளிப்பருமன் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் முழுதும் நிறையில். ஒரு முற்றிய மணி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 1.15 அடர்த்திக்கு அதன் பருமன் 17.4 கன மில்லிமீட்டர். அதே உமிக்குள் 17.4 மில்லிகிராம்கூட இல்லாத பதர்தான் வெறுந்தண்ணீரில் மிதக்கும். 18 மில்லிகிராம் உள்ள கருக்காய் முழுமணிகளோடு சேர்ந்து மூழ்கிவிடும். கரைசலின் அடர்த்தி 1.09 ஆனதும் கோடு 19 மில்லிகிராமுக்கு ஏறிவிடுகிறது. ஒரு மில்லிகிராமுக்கு மேல் குறைந்த மணியெல்லாம் தானே மேலே வந்துவிடுகிறது. அந்த ஒரு மில்லிகிராமைக் காட்டும் தராசு ஆய்வகத்தில் இருக்கிறது. ஆனால் பத்துக் கிலோ விதையில் ஐந்து லட்சம் மணி, ஒவ்வொன்றாக நிறுப்பது யார்? வாளி ஒரே நேரத்தில் ஐந்து லட்சத்தையும் நிறுத்துப் பார்த்துவிடுகிறது. நாற்று தன் இலைகளால் உணவு தயாரிக்கத் தொடங்கும்வரை விதைக்குள் இருக்கும் மாவுதான் அதற்குச் சோறு. அதனால்தான் இவ்வளவு பாடு.

ஜப்பானில் யோகோயி தொக்கியோஷி என்ற வேளாண் அறிஞர் ஃபுகுவோகாவில் 1882இல் இதே உப்புநீர்த் தேர்வை உருவாக்கினார். அங்கே சாதாரண நெல்லுக்கு 1.13 என்று வைத்துக்கொண்டார்கள், பசைநெல்லுக்கு அதைவிடக் குறைவாக. மேலே போட்ட கணக்கில் 1.13ஐ வைத்தால் கோடு 19.7 மில்லிகிராமுக்கு வந்துவிடும். நல்ல விதையிலும் பெரும்பங்கு குப்பைக்குப் போகும். உமிக்குள் அரிசி எவ்வளவு இறுக்கமாக அமர்ந்திருக்கிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும்; சீரகச் சம்பாவுக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும்கூட ஒரே கோடு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் ஒரு பிடி விதையைப் போட்டு, மிதந்தவற்றை உரித்துப் பார்த்துவிட்டு முழு விதையையும் கொட்டுவது நல்லது.

கொட்டியதும் மிதப்பதையெல்லாம் உடனே அள்ளி எறியவும் கூடாது. நெல்லின் உமி மழமழப்பானது அல்ல, அதன் மேல் நுண்ணிய மயிர்கள் உண்டு. உலர்ந்த நெல் நீரில் விழும்போது அவற்றின் நடுவே காற்றுக்குமிழி ஒட்டிக்கொள்ளும். 17.4 கன மில்லிமீட்டர் மணியில் 2 கன மில்லிமீட்டர் குமிழி ஒன்று ஒட்டியிருந்தால், நீர் பார்ப்பது 19.4 கன மில்லிமீட்டர் பருமனை. 20ஐ 19.4ஆல் வகுத்தால் 1.03, கரைசலின் 1.09ஐவிடக் குறைவு; பழுதில்லாத விதை மேலே மிதக்கிறது. கையை முழங்கை வரை விட்டு, அடிவரை நன்றாகக் கலக்கிக் குமிழிகள் போனபின்னும் மிதப்பதுதான் கழிக்க வேண்டியது. அடியில் தங்கியதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.